நோவுக்கு ஒரு சொல்

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என்று எம்மைப் பணித்தபோது, கல்லூரி மண்டபத்து நாவலர் விழாக்களைப் பற்றியோ, எமக்கு இலக்கணம் புகட்டிய ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ எழுதலாம் என்றே யாம் முதலில் எண்ணினோம். அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்ல அன்பர்கள் பலர் உளர். எமக்கோ சில காலமாக நெஞ்சை விட்டகலாத பொருள் வேறொன்று உண்டு. அது சத்திரசிகிச்சையின் பின் வரும் நோவையும், அந்நோவைத் தணிக்க இடப்படும் ஓர் ஊசியையும் பற்றியது. தமிழாசிரியனுக்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. அவ்வூசிக்குத் தமிழில் என்ன பெயர் என்று வைத்தியர் ஒருவர் எம்மைக் கேட்டார். இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த எமக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

எமது ஊர் சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையார் கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் எமது வீடு உள்ளது. எமக்கு ஐந்து வயது இளையவன் எம் தம்பி. இருவரும் நமது கல்லூரியிலேயே பயின்றோம். யாம் படிப்பிலே ஒருவாறு தேறிக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்குச் சென்று பயிற்றப்பட்ட ஆசிரியர் ஆயினோம். தம்பியோ துடுப்பாட்டத்திலே பெயர் பெற்றான். ஒருமுறை பந்து பட்டு வலக்கைச் சுட்டுவிரல் பிசகியபோதும் முகம் சுளியாமல் ஆட்டம் முடியுமட்டும் நின்றான் என்று அவன் காலத்து மாணவர் இன்றும் கூறுவர். அவ்விரல் இன்றும் சற்றுக் கோணலாகவே இருக்கின்றது. நோவைப் பொறுப்பவன் என்ற அப்புகழே பின்னாளில் அவனுக்குப் பகையாயிற்று.

அவன் மானிப்பாயில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றிலே பணியாற்றினான். சீமெந்துப் பைகளை ஏற்றி இறக்கும் வேலை. நாரிப்பிடிப்பு வந்தபோது ஒருவரிடமும் சொல்லவில்லை. தலையிடி வந்தபோதும் சொல்லவில்லை. மருந்துக்கடையிலே நோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் சென்றான். இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன. 2020 ஆம் ஆண்டிலே காலும் முகமும் வீங்கின பின்னரே வைத்தியரிடம் சென்றான். குருதியமுக்கம் மிகுந்திருந்தது. இரு சிறுநீரகங்களும் பெரும்பாலும் செயலிழந்திருந்தன. குருதியமுக்கமே முதற் காரணம் என்றும், கணக்கின்றி விழுங்கிய நோ மாத்திரைகளும் துணை புரிந்திருக்கலாம் என்றும் வைத்தியர் கூறினர். டைக்குளோபெனாக்கு முதலிய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கும் இயல்பின. நல்ல சிறுநீரகம் அதனைச் சில நாள் தாங்கும். தளர்ந்த சிறுநீரகம் தாங்காது. வாய்விட்டுச் சொல்லாத நாரி நோ உள்ளே சென்று பிறிதோர் உறுப்பையும் கெடுத்தது என்றே யாம் இதனைக் கொள்கின்றோம்.

கிழமைக்கு இருமுறை அவன் குருதியை இயந்திரத்திலே சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. ஒருமுறைக்கு நான்கு மணித்தியாலம். இரண்டாண்டு இவ்வாறு சென்றபின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே வழி என்று வைத்தியர் கூறினர்.

ஒருவர் சிறுநீரகத்தை மற்றொருவர்க்குப் பொருத்தி முதன்முதலாக நீண்டகாலப் பயன் கண்டது 1954 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அமெரிக்க நாட்டுப் பொஸ்ரன் நகரிலே. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வயிற்றிற் பிறந்த இரட்டையர். அதனைச் செய்த யோசேப்பு மறே என்னும் வைத்தியர்க்கு 1990 இல் நோபெல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டிலே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971 இல் இச்சிகிச்சை வெற்றியுடன் நிகழ்ந்தது. எமது நாட்டிலே 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு நெறி வகுத்து, உறுப்பை விலைக்கு விற்றலைத் தடுத்துள்ளது. சகோதரர் சகோதரர்க்குக் கொடுத்தல் உலகெங்கும் நடப்பதே.

அன்னையார் தாமே தருவதாக முன்வந்தார். எழுபதைக் கடந்த வயதும் நீரிழிவும் இடந்தரவில்லை. எம்மைச் சோதித்தனர். எம்முடைய குருதியும் பிறவும் தம்பிக்கு இசைந்தன. உறவினர் அனைவரும் மகிழ்ந்தனர். யாமும் மகிழ்ந்ததாகவே காட்டிக்கொண்டோம். உண்மையில் யாம் அஞ்சினோம்.

மாணவர்களே, இதனை மறையாது கூறுகின்றோம். போர்க்களத்திலே விழுப்புண் பட்ட வீரரைப் புகழும் செய்யுட்களை வகுப்பிலே குரலெடுத்துப் படித்துப் பொருள் விரித்த இவ்வாசிரியன், வயிற்றிலே கத்தி படும் என்று கேட்டவுடன் இரவெல்லாம் உறங்கவில்லை. இறப்புக்கன்று, நோவுக்கே அஞ்சினோம். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் எல்லாரும் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எமக்குப் பதினேழு வயது. யாம் தங்கியிருந்த இடத்திலே, எறிகணைத் துண்டு தொடையிற் பாய்ந்த எம் மாமனாருக்குக் காயத்தைத் துப்புரவாக்கித் தைத்தனர். மருந்துகள் அருகியிருந்த காலம் அது. விறைக்க வைக்கும் மருந்து போதவில்லை. அவர் வாயிலே துவாயைக் கடித்துக்கொண்டு எழுப்பிய ஒலி, இருபத்தெட்டு ஆண்டு கழிந்தும் எம் செவியை விட்டு நீங்கவில்லை. தைத்தவர்கள்மேற் குறையில்லை. அவர்கள் கண்ணீர் வடித்துக்கொண்டே தைத்தனர். ஆயினும் சத்திரசிகிச்சை என்னும் சொல்லைக் கேட்டவுடன் அவ்வொலியே எமக்கு நினைவில் எழும்.

2023 ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, தென்னிலங்கை வைத்தியசாலை ஒன்றில் எமக்கும் தம்பிக்கும் சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. நாள் குறிக்கும் முன்னர் மயக்கமருந்து வைத்தியர் எம்மை அழைத்துப் பேசினார். அவர் நமது கல்லூரிப் பழைய மாணவர். எம்மிடம் பயின்றவர் அல்லர். எமக்குப் பல ஆண்டு பிற்பட்டவர். ஆசிரியர் என்று அறிந்தவுடன் எழுந்து நின்றே பேசினார். எமது முகத்தைக் கண்டு, “சேர், என்னத்துக்குப் பயப்பிடுறியள்?” என்று கேட்டார். அதுவரை மனைவியிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டோம். துவாயையும் சொன்னோம்.

அவர் நகைக்கவில்லை. நாற்காலியை அருகே இழுத்து அமர்ந்து விளக்கலானார்.

பொதுவாகச் சத்திரசிகிச்சையின் பின் கொடுக்கும் நோ மருந்துகளிலே டைக்குளோபெனாக்கு இனத்தைத் தம்பிக்குக் கொடுத்தல் ஆகாது. புதிதாய் இட்ட சிறுநீரகத்துக்கு அது தீங்காகும். ஒரே சிறுநீரகத்தோடு வாழப்போகும் எமக்கும் அதனைத் தவிர்ப்பதே நன்று. மோர்பின் என்பது வலிய மருந்து. ஆனால் அம்மருந்து ஈரலிலே மாற்றமடைந்து, அம்மாற்றத்தால் உண்டாகும் பொருட்கள் சிறுநீர் வழியே வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அவை தேங்கி, உறக்கத்தை மிகுவித்து மூச்சையும் தளரச் செய்யும். முள்ளந்தண்டின் உள்ளே மருந்து செலுத்தும் முறையும் உண்டு. ஆயினும் சிறுநீரக நோயாளரிடத்துக் குருதி உறைதலிற் குறை இருக்கக்கூடும். உள்ளே குருதி கசிந்தால் பெருந்தீங்காகும் என்று தயங்குவர். “அதாலதான் சேர், நோவைக் கொண்டு போற நரம்புகளை மட்டும் பிடிச்சு, அதுகளுக்குப் பக்கத்தில மருந்து விடுறம். மருந்து அந்த இடத்தில நிண்டு வேலை செய்யும். மோர்பினும் குறையத் தேவைப்படும்” என்றார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “இதுக்கு ஆங்கிலத்தில ஒரு பேர் இருக்கு. தமிழில என்னெண்டு சொல்லுறது சேர்? நான் சனத்துக்கு ‘நரம்பைத் தடுக்கிற ஊசி’ எண்டு சொன்னா, பயந்து வேண்டாம் எண்டு போகினம்” என்றார்.

இதுவே அவ்வினா. யாம் விழித்தோம். யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றோம்.

ஊருக்குத் திரும்பியதும் அன்னையாரிடம் யாம் செய்தியைக் கூறினோம். நரம்பைத் தடுக்கும் ஊசி என்று யாமும் சொல்லிவிட்டோம். அன்னையார் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். “வேண்டாம் மோனை. நரம்பை அடைச்சா காலும் கையும் வழங்காமப் போகும். கொத்தப்பர் பாரிசவாதத்தில கிடந்த மாதிரிக் கிடக்கப் போறியளோ ரெண்டு பேரும்?” என்று அழுதார். எம் மக்கள் வழக்கிலே நரம்பு என்னும் சொல் பலவற்றைக் குறிக்கும். குருதிக் குழாயும் நரம்பு, தசையை எலும்போடு பிணைப்பதும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. யாழிலே கட்டுவதும் நரம்பே. அத்தகைய சொல்லோடு தடை என்பதனைச் சேர்த்தால் கேட்பவர் உள்ளத்திலே முடக்குவாதம் அன்றி வேறெது தோன்றும்? ஒரு பிழையான சொல், இரு மக்களின் நோவைத் தணிக்கும் மருந்தை ஒரு தாயின் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தது.

அன்றிரவு யாம் மானிப்பாய்க் கிறீன் வைத்தியரை நினைந்தோம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயிலே மருத்துவப் பணியைத் தொடங்கினார். எம் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே அவர் பெயரால் விளங்கும் வைத்தியசாலை இருக்கின்றது. அவரது சமயப் பணி வேறு, எம் சமயம் வேறு. ஆயினும் தமிழர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று 1860களிலே துணிந்து, தாமும் மாணவருமாக மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அப்பெரியாரை எந்தத் தமிழாசிரியன் மறப்பான்? 1867 இல் வெளிவந்த இரணவைத்தியம், 1872 இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலியவை அவ்வரிசையின. ஒவ்வொரு சொல்லுக்கும் வடமொழியிலும் ஊர் வழக்கிலும் தேடித் தமிழ்ப் பெயர் இட்ட அவ்வுழைப்பை நோக்கின், எமது தயக்கம் எமக்கே நாணந் தந்தது.

ஆனால் எமக்கு வேண்டிய சொல்லை அவர் நூல்களிலே காண இயலாது. காரணம் கால முறையிலே தெளிவாகும். ஈதர் கொடுத்து முழு மயக்கத்திலே சத்திரசிகிச்சை செய்து காட்டியது பொஸ்ரன் நகரிலே 1846 இல். அதாவது கிறீன் யாழ்ப்பாணம் வருவதற்கு முந்திய ஆண்டு. ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து கண்டது 1884 இல். தென்னமெரிக்க மக்கள் மென்றுவந்த கொக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெயினைக் கண்ணிலே துளித்து, நோவின்றிக் கண்ணிற் கத்தி வைக்கலாம் என்று வியன்னா நகரத்துக் காள் கொல்லர் அவ்வாண்டிலே காட்டினார். அந்த 1884 ஆம் ஆண்டிலேயே கிறீன் தம் தாய்நாட்டிற் காலமானார். ஒருவர் பணி முடிந்த ஆண்டிலே மற்றொரு பணி தொடங்கியது. அதற்குப் பெயரிடும் கடன் பின்வந்த எம்மனோர்க்கே விடப்பட்டது போலும்.

கொல்லருக்குப் பின், உணர்ச்சி நரம்பின் அருகே அம்மருந்தைச் செலுத்தும் முறையை நியூயோர்க்கிலே ஹால்ஸ்ரெட் என்பார் கையாண்டார். கொக்கெயின் அடிமைப்படுத்தும் கொடிய மருந்து என்பதும் விரைவில் விளங்கிற்று. ஹால்ஸ்ரெட் தாமே அதற்கு அடிமையாகித் துன்புற்றார். பின்னர்ச் சுவீடனிலே 1943 இல் லிக்னொக்கெயினும், 1957 இல் புப்பிவக்கெயினும் ஆக்கப்பட்டன. இவை அடிமைப்படுத்துவன அல்ல. பல் பிடுங்கும்போது இடுவது பெரும்பாலும் முன்னது. நெடுநேரம் நிற்பது பின்னது.

இம்மருந்து எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதனை மாணவர்க்கு எளிதாகச் சொல்வோம். நரம்பிழையின் சுவரிலே நுண்ணிய வாயில்கள் உண்டு. எம் குருதியிலுள்ள உப்பின் ஒரு கூறாகிய சோடியம் அவ்வாயில்களினூடாக உள்ளே புகும்போதே செய்தி நரம்பிலே ஓடுகின்றது. மருந்து அவ்வாயில்களை அடைத்துக்கொள்ளும். வீட்டுப் படலைக்குத் தாழ் இட்டாற் போன்றது. படலை உடைவதில்லை. தாழ் நீங்கியதும் முன்போலவே திறக்கும். சில மணித்தியாலத்திலே குருதி மருந்தை அள்ளிச் சென்றுவிட, நரம்பு பழைய நிலையை அடையும். அன்னையார் அஞ்சிய பாரிசவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மறுநாட் காலை இவ்வளவையும் அன்னையாரிடம் படலை உவமையோடு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பின்னர், “இவ்வளவுதானே? பல்லுப் பிடுங்கேக்க போடுற விறைப்பூசி எண்டு சொன்னா விளங்காதே? அதை வயித்துக்குப் போடினம். போடட்டும்” என்று சொல்லிச் சுளகை எடுத்துக்கொண்டார்.

விறைப்பூசி! நிகண்டுகளிலே யாம் தேடிய சொல் எம் வீட்டு முற்றத்திலேயே கிடந்தது. வைத்தியர்க்குத் தொலைபேசியிலே சொன்னோம். “விறைப்பூசி, விறைப்பூசி” என்று இருமுறை சொல்லிப் பார்த்து, “இனி இதையே சொல்லுறன் சேர்” என்றார்.

குறித்த நாளிலே எம்மை முதலில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு சென்றனர். எமது இடப் பக்கத்து விலாவின் கீழே வெட்டிச் சிறுநீரகத்தை எடுப்பதாக ஏற்பாடு. இவ்வாறு திறந்து எடுக்கும் முறையிலே, பெறுபவரினும் கொடுப்பவர்க்கே நோ மிகுதியாக இருத்தல் உண்டு என்று வைத்தியர் முன்னரே மறையாது கூறியிருந்தார். கட்டிலிலே எம்மை இருத்தி, குனியச் செய்து, முதுகிலே குளிர்ந்த களிம்பைத் தடவிக் கழியொலிக் கருவியை வைத்தார். மக்கள் ‘ஸ்கான்’ என்று வழங்குவது அதுவே. திரையிலே தசைப் படலங்களும் எலும்பும் தெரிந்தனவாம். முள்ளந்தண்டின் பக்கத்தே, முதுகை நிமிர்த்தும் தசையின் அடியிலே, எலும்பின் மேலாக மருந்தைச் செலுத்தினார். மருந்து அப்படலத்திலே மேலும் கீழும் பரந்து, வயிற்றுச் சுவருக்கு வரும் நரம்புகளை எட்டும். கனடாவிலே பொரெரோ என்பாரும் துணைவரும் 2016 இல் வெளியிட்ட முறை இது. முதலில் தோலை விறைக்கச் செய்தமையால், உள்ளே அழுத்தம் ஒன்றை உணர்ந்தோமேயன்றி வேறொன்றும் இல்லை. சிறிது நேரத்தின் பின் குளிர்ந்த பஞ்சினால் விலாவைத் தொட்டு, “குளிருதோ சேர்?” என்று கேட்டார். குளிரவில்லை. மாமனாரின் ஒலி எம் செவியிலிருந்து அப்போது ஒரு முழம் விலகிற்று. அதன்பின் முழு மயக்கம் தந்தனர்.

கண் விழித்தபோது பிற்பகல். தாதி வந்து, பத்துக்கு எத்தனை என்று கேட்டார். நோவே இல்லையாயின் சுன்னம், தாங்கவொண்ணா நோவாயின் பத்து. ஆண்டெல்லாம் மாணவர்க்குப் புள்ளியிடும் எம்மை, எமது நோவுக்கே புள்ளியிடச் சொன்னார்கள். அசையாதிருக்க இரண்டு, இருமினால் நான்கு என்றோம். குறித்துக்கொண்டார். மூச்சை ஆழ இழுக்க முடிந்தது. மறுநாட் காலை தாதியர் பிடிக்க எழுந்து நாலடி நடந்தோம். நோ இருந்தது, ஆனால் எம்மை ஆளவில்லை.

தம்பிக்கு எமது சிறுநீரகத்தை வயிற்றின் வலக் கீழ்ப்பக்கத்திலே வைத்தனர். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவை தத்தம் இடத்திலேயே இருக்கும். இச்செய்தி எமக்கும் புதியதாயிருந்தது. புதிய சிறுநீரகம் கூடத்திலேயே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கிற்று என்று கேட்டபோது மனைவி அழுதாள். முடிவிலே, அவன் மயக்கத்தில் இருக்கும்போதே, அவனுக்கும் விறைப்பூசி இட்டனர். அது வேறு வகை. வயிற்றுச் சுவரிலே மூன்று தசைப் படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள. உள்ளிரண்டு படைகளுக்கும் இடையிலே நரம்புகள் ஓடுகின்றன. அவ்விடையிலே மருந்தைப் பரப்புவர். றஃபி என்னும் வைத்தியர் 2001 இல் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டியது. பின்வந்தோர் கழியொலிக் கருவியின் துணையோடு அதனைத் திருத்தினர்.

ஒருமுறை இட்ட மருந்து ஒரு நாளுக்குக் குறைவாகவே நிற்கும். தம்பிக்கு மறுநாள் முற்பகலிலே அது தளர்ந்தது. தாதி வந்து கேட்டபோதெல்லாம் அவன் ‘ஒன்று’ என்றே சொன்னான். பழைய துடுப்பாட்ட வீரன் அன்றோ! தாதியும் ஒன்று என்றே எழுதிச் சென்றார். அவரிலே பிழையில்லை.

அன்று மாலை, நோய்த் தொற்று அணுகாதபடி அவனை வைத்திருந்த தனியறையின் கண்ணாடிச் சுவர்வரை எம்மை நடத்திச் சென்றனர். உள்ளே படுத்திருந்தான். கையடக்கத் தொலைபேசியிலே, “எப்பிடியடா தம்பி?” என்றோம். “ஒண்டுமில்லை அண்ணை. நல்லா இருக்கிறன்” என்றான். குரல் அவ்வாறு கூறிற்று. கண்ணாடியினூடே யாம் கண்டது வேறு. நெற்றியிலே வியர்வை. மூச்சு நெஞ்சின் மேற்பாதியிலேயே நின்றது. வலக்கை கட்டில் விரிப்பைப் பற்றியிருந்தது. அக்கோணல் விரலும் வெளுத்திருந்தது. இருமச் சொன்னோம். இருமாது எச்சிலை விழுங்கினான்.

நோவைப் பொறுத்தல் ஆண்மை என்று அவனுக்குக் கற்பித்தவருள் யாமும் ஒருவரல்லமோ? ஆதலால் அவனைக் கடிய எமக்கு வாய் வரவில்லை. இளமையிலே இருவரும் கேட்ட கதையையே நினைவூட்டினோம். “தம்பி, அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோ வந்தபோது என்ன செய்தவர்? பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தவரோ?” என்றோம். அவன் பேசவில்லை. “சமையற்காரனை அனுப்பித் தமக்கையாரிட்டைச் சொன்னவர். பிறகு அதிகையிலே கடவுளிட்டையும் சொன்னவர். சொன்னதுதான் முதற் தேவாரம். அவரைவிட நீ பெரிய வீரனோ?” என்றோம்.

நெடுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தான். பின்னர் விரிப்பை விட்டு, கைகளை மெல்ல உயர்த்தினான். ஒரு கையில் ஐந்து விரலும் மறுகையில் இரண்டும் நின்றன. ஏழு. அவ்விரண்டில் ஒன்று அக்கோணல் விரல். அருகே நின்ற தாதி சிங்களப் பெண். எம் பேச்சு அவருக்கு விளங்கியிராது. விரல்கள் விளங்கின. உடனே வைத்தியரை அழைத்தார்.

வைத்தியர் கருவியோடு வந்தார். முன்னர் இட்ட மருந்தின் அளவையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து, மறுபடியும் அவ்விடத்திலே மருந்தைச் செலுத்தி, மேலும் விட வேண்டின் விடுதற்கு மயிரிழை போன்ற குழாய் ஒன்றையும் வைத்தார். ஒரு மணித்தியாலத்துள் தம்பி ஆழ மூச்செடுத்தான்; இருமிக் கோழையைத் துப்பினான். இருமாமலே கிடந்திருந்தால் நெஞ்சிலே சளி தேங்கிக் காய்ச்சல் கண்டிருக்கும் என்று வைத்தியர் பின்னர் எமக்குச் சொன்னார். மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் உடலின் காவலைத் தளர்த்துவன. அந்நிலையிலே நெஞ்சுச் சளி சிறிதன்று, உயிருக்கே உலையாகலாம். தொலைபேசி ஒலித்தது. “அண்ணை, இப்ப இரண்டு. உண்மையாத்தான் சொல்லுறன்” என்றான்.

இவ்வூசியைப் பற்றி மிகைபடக் கூறுதல் எமது நோக்கமன்று. இது வயிற்றுச் சுவரின் நோவையே பெரிதும் தணிக்கும். உள்ளுறுப்புக்களின் நோவையும், சிறுநீர்க் குழாயினால் வரும் எரிவையும் அவ்வளவு தணியாது. ஆதலால் பரசிற்றமோலும் வேண்டும்போது வேறு மருந்தும் சேர்த்தே கொடுப்பர். மருந்து அளவு மிஞ்சினால், அல்லது தவறிக் குருதியிலே புகுந்தால், வலிப்பும் இதயத் தடுமாற்றமும் உண்டாகலாம். ஆதலால் உடல் நிறைக்கேற்ப அளவு கணித்து, பயின்றவரே இடுதல் வேண்டும். சிலர்க்கு ஊசி எண்ணிய பயனைத் தராததும் உண்டு. இவற்றையெல்லாம் அவ்வைத்தியர் எம்மிடம் முன்னரே சொன்னார். சொன்னமையாலேயே நம்பினோம்.

எமது தம்பியைக் காத்தது ஊசி மட்டுமன்று. அன்னையார் தந்த சொல் அதனை ஏற்கச் செய்தது. அவன் உயர்த்திய ஏழு விரல் அதனை மீண்டும் வரவழைத்தது. நோ என்பது ஊடுகதிர்ப் படத்திலே தோன்றாது. குருதிச் சோதனையிலும் வாராது. நோவுற்றவன் சொன்னாலன்றி உலகில் வேறொருவர் அதனை அறிய வழியில்லை. அதற்காகவே எம் முன்னோர் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விண்விண் என்று தெறித்தல் என இத்தனை சொற்களை ஆக்கி வைத்தனர் போலும். அச்சொற்களைச் செய்யுளுக்கு உரை சொல்ல மட்டும் கற்பித்து, வைத்தியர்முன் சொல்லக் கற்பியாது விட்டது எம்போன்ற ஆசிரியரின் குறை.

இப்போது யாம் விழுப்புண் பாடலை வகுப்பிலே கற்பிக்கும்போது, அப்பர் சுவாமிகள் சூலை நோயைத் தமக்கையார்க்குச் சொல்லியனுப்பிய வரலாற்றையும் சேர்த்தே சொல்கின்றோம். விளையாட்டிலே அடிபட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்றால் அவ்விடையை ஏற்பதில்லை. எவ்விடம், எத்தகையது, பத்துக்கு எத்தனை என்று கேட்கின்றோம். நமது கல்லூரியிலிருந்து மருத்துவராகச் சென்ற அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: சொல் ஒன்று வேண்டுமாயின் எம்மைப் போன்ற ஆசிரியரைக் கேளுங்கள். யாம் அறியோமாயின் எம் அன்னையரைக் கேட்போம்.

தம்பி கடைக்குத் திரும்பிவிட்டான். சீமெந்துப் பை தூக்குவதில்லை, கணக்கு எழுதுகின்றான். மாலையிலே இருவரும் கல்வளைப் பிள்ளையார் கோயில்வரை நடப்பதுண்டு. மழைக்காலத்திலே எமது இடப் பக்கத்துத் தழும்பு சிறிது உளையும். “பத்துக்கு எத்தனை அண்ணை?” என்று அவன் கேட்பான். யாமும் உள்ளதை உள்ளவாறே சொல்வோம்.

நமது கல்லூரி நீடு வாழ்க.